கல்லூரி வந்தது, கணக்கு வந்ததா?

"மருத்துவக் கல்லூரிக்குக் கூப்பிடு தூரம்! மனை வாங்கு, மாடி கட்டு, மாதம் பிறந்தால் வாடகையை எண்ணு!"

விழுப்புரம் சாலையில் வில்லியனூரைத் தாண்டினால் இந்த அழைப்பு. கடலூர் சாலையில் கிருமாம்பாக்கத்தை நெருங்கினால் அதே அழைப்பு. கரும்பும் நெல்லும் நின்ற இடத்தில் கல் நிற்கிறது. கல்லுக்குப் பக்கத்தில் கொடி நிற்கிறது. கொடிக்குப் பக்கத்தில் குடை பிடித்துத் தரகர் நிற்கிறார். நேற்றுவரை காணிக் கணக்கிலும் குழிக் கணக்கிலும் பேசிய மண் இது. நூறு குழி ஒரு காணி என்று எண்ணி, இத்தனை மூட்டை விளையும் என்று மதிப்பிட்ட மண். இன்று சதுர அடிக் கணக்கில் பேசுகிறார்கள். 576 சதுர அடி கொண்ட ஒரு குழியில் எத்தனை படி நெல் விளையும் என்று கேட்பாரில்லை, எத்தனை கட்டில் போடலாம் என்று கேட்கிறார்கள்!

கேட்கட்டும். காலம் மாறத்தான் செய்யும். கல்லூரி வேண்டாமென்று சொல்லும் கூட்டமல்ல நாம். ஏட்டைத் தொடாதே என்று விரட்டப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் வெள்ளைக் கோட்டு போட்டு வருகிறார்கள் என்றால், நம்மைவிட யார் பெருமைப்பட முடியும்? அரியூரில் மருத்துவக் கல்லூரி. ஊசுட்டேரி ஓரம் அகரத்தில் ஒன்று. பாகூர்ப் பக்கம் பிள்ளையார்குப்பத்தில் ஒன்று, கிருமாம்பாக்கத்தில் ஒன்று. குரும்பாபேட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி. வடக்கே காலாப்பட்டில் 1985ஆம் ஆண்டு தோன்றிய மத்தியப் பல்கலைக் கழகம். இத்தனையும் இந்தச் சின்னஞ்சிறு புதுவைக்குள்! மாணவர் வருகிறார்கள், செவிலியர் வருகிறார்கள், ஆசிரியர் வருகிறார்கள். வந்தவர்கள் தலைசாய்க்க இடம் வேண்டும். உண்மை.

ஆனால் தோழா, அந்த இடத்தைக் கட்டித்தரும் பொறுப்பு உன் தலையில் ஏன் வந்து விழுகிறது? உன் ஆயுட்காலச் சேமிப்பை எடுத்துக்கொண்டு வா என்று உன்னை ஏன் அழைக்கிறார்கள்? கேட்டுப் பார்த்தாயா?

பஞ்சாலையில் பாடுபட்ட புதுவைத் தொழிலாளியை நினைத்துச் சொல்கிறேன். 1936ஆம் ஆண்டு ஜூலை 30இல் பிரெஞ்சு ஏகாதிபத்தியத்தின் துப்பாக்கிக்கு 12 உயிர்களைக் கொடுத்து, எட்டு மணி நேர வேலையைப் பெற்ற பரம்பரை அவன். 1898இல் தோன்றிய ஏ.எப்.டி. ஆலை 2020 ஏப்ரல் 30இல் மூடப்பட்டது. சுதேசி, பாரதி ஆலைகளின் சங்கும் ஓய்ந்தது. சங்கு ஓய்ந்த வீட்டில் வைப்பு நிதி என்றும் பணிக்கொடை என்றும் ஏதோ ஒரு தொகை வரும், அல்லது வருமென்ற நம்பிக்கை இருக்கும். அந்தத் தொகையின் வாசனை அவன் மனைவிக்கு எட்டுமுன் தரகருக்கு எட்டிவிடுகிறது! "அண்ணே, பாங்கியிலே போட்டா பூச்சி அரிக்கும். கல்லூரிப் பக்கம் ரெண்டு போர்ஷன் கட்டி விடுங்க. காலாட்டிக்கிட்டுச் சாப்பிடலாம்."

காலாட்டுவதற்கு முன் கணக்குப் பார்ப்போம். சொல்லப்போவது நானாக வைத்துக்கொண்ட ஓர் எடுத்துக்காட்டு. உன் ஊர் விலையைப் போட்டு நீயே மாற்றிக்கொள்.

கையில் 12 இலட்சம். பாங்கியில் 13 இலட்சம் கடன். ஆக 25 இலட்சத்தில் மனையும் இரண்டு போர்ஷனும். ஒரு போர்ஷனுக்கு 6,000 வாடகை, இரண்டுக்கும் மாதம் 12,000. ஆண்டுக்கு 1,44,000 என்று தரகர் துண்டுத்தாளில் எழுதிக் காட்டுவார். அவர் எழுதியது சரி, எழுதாமல் விட்டதுதான் சங்கதி. தேர்வு முடிந்தால் மாணவன் ஊருக்குப் போவான், படிப்பு முடிந்தால் பெட்டியோடு போவான். ஆண்டில் இரண்டு மாதம் பூட்டுத் தொங்கும் என்று வைத்தால் மிஞ்சுவது 1,20,000. மோட்டார் எரியும், குழாய் ஒழுகும், வெள்ளையடிக்க வேண்டும், வீட்டு வரி கட்ட வேண்டும், அடுத்த குடித்தனம் பிடித்துத்தர அதே தரகருக்கு ஒரு மாத வாடகை. 20,000 போனால் ஒரு இலட்சம்.

இப்போது பாங்கிக்காரர் வருகிறார். 13 இலட்சம், 9 விழுக்காடு வட்டி, 15 ஆண்டு என்றால் மாதத் தவணை ஏறத்தாழ 13,185. ஆண்டுக்கு 1,58,000க்கு மேல்! வந்தது ஒரு இலட்சம், போவது ஒன்றரை இலட்சத்துக்கும் அதிகம். மாதாமாதம் 4,800 ரூபாயை நீ எங்கிருந்தோ கொண்டுவந்து கொட்ட வேண்டும். காலாட்டிக்கொண்டு அல்ல, கைகட்டிக்கொண்டு!

அதே 12 இலட்சம் அஞ்சலகத்தில் கணவன் மனைவி இருவர் பேரில் மாத வருமானக் கணக்கில் இருந்தால்? 2025ஆம் ஆண்டில் அதற்கு வட்டி 7.4 விழுக்காடு, மாதம் 7,400 ரூபாய். 60 வயது கடந்தவரானால் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம். அதே ஆண்டில் 8.2 விழுக்காடு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை 24,600. 2023 ஏப்ரலிலிருந்து 30 இலட்சம் வரை அதில் போடலாம். மோட்டார் எரியாது, குழாய் ஒழுகாது. தரகர் இதை உன்னிடம் சொன்னாரா? சொல்ல மாட்டார். அஞ்சலகம் அவருக்குத் தரகு தருவதில்லையே!

"மனை விலை ஏறுமே, அதைக் கணக்கில் சேர்க்கவில்லையே!" என்று குறுக்கே பாய்வார். ஏறலாம். ஆனால் நகர அமைப்புக் குழுமத்தின் ஒப்புதல் பெற்ற மனைக்கு ஏறும் விலை வேறு. ஏரி வாய்க்காலை மேடாக்கி, கல் நட்டு, வண்ணம் அடித்த மனைக்கு ஏறும் விலை வேறு. பாகூர் ஏரியும் ஊசுட்டேரியும் வேடிக்கைக்காக வெட்டிய குளங்கள் அல்ல. நீர் தன் வழியை மறக்காது. 2011 டிசம்பர் இறுதியில் தானே புயல் புதுவைக்கும் கடலூருக்கும் நடுவே கரையேறியபோது இந்தப் பக்கம் பட்ட பாட்டை நேரில் கண்டவர்கள் நீங்கள். அதோடு இன்னொன்று. மகள் திருமணத்துக்கு இரண்டு இலட்சம் வேண்டுமென்றால், அஞ்சலகத்தில் தொகையைச் சிறு கணக்குகளாகப் பிரித்துப் போட்டிருந்தால், ஓராண்டுக்குப் பின் ஒன்றை மட்டும் முடித்து, சிறு கழிவு போக எடுக்கலாம். வீட்டில்? சமையலறையை மட்டும் விற்கமுடியுமா?

மாணவர் என்றும் வந்துகொண்டே இருப்பார்கள் என்பது இன்னொரு மயக்கம். இராஜஸ்தானத்திலே கோட்டா என்றொரு நகரம். மருத்துவ, பொறியியல் நுழைவுத் தேர்வுக்குப் பயிற்சி தரும் நகரம். நாடெங்கிலுமிருந்து பிள்ளைகள் குவிந்தார்கள், விடுதிகள் ஆயிரக்கணக்கில் எழுந்தன, கடன் வாங்கிக் கட்டினார்கள். 2024இல் வரத்துச் சரிந்தது. அறைகள் வெறிச்சோடின, வாடகை விழுந்தது, தவணை மட்டும் விழவில்லை. அவ்வளவு தூரம் ஏன்? தமிழ்நாட்டில் 500க்கும் மேலிருந்த பொறியியல் கல்லூரிகளில் பல, கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் கதவடைத்தன. கதவடைத்த கல்லூரிக்கு எதிரே கட்டிய மாடி என்ன ஆகும்? 2020 மார்ச்சில் கொரோனா வந்தபோது எல்லாக் கல்லூரியும் ஒரே வாரத்தில் காலியானதே! பாடம் செல்பேசிக்குள் போயிற்று; பிள்ளைகள் அவரவர் ஊரிலிருந்து படித்தார்கள்; இங்கே வீட்டுக்காரர் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்படியானால் பாட்டாளி வீடே கட்டக்கூடாதா? சீமான்தான் வாடகை வாங்கவேண்டுமா? அப்படி யார் சொன்னது! பாட்டன் மனை இருக்கிறது, கீழே நீ குடியிருக்கிறாய், சுவர் தாங்கும் என்று விவரம் தெரிந்த கொத்தனார் சொல்கிறார். கடனில்லாமல் 6 இலட்சத்தில் மேலே ஒரு போர்ஷன் எழுப்புகிறாய். 5,000 வாடகை, பத்து மாதம், செலவு 8,000 போனால் 42,000. அது 7 விழுக்காடு. தாராளமாகக் கட்டு! மாணவனை மட்டும் நம்பாமல் செவிலியர், மருந்தாளுநர், மருத்துவமனை ஊழியர் ஆகியோரும் வந்து தங்கக்கூடிய இடமாகப் பார்த்துக் கட்டு. மருத்துவமனைக்குக் கோடை விடுமுறை கிடையாது. மனை புதிதாக வாங்குவதானால் வில்லங்கச் சான்று, பட்டா, மனைப்பிரிவு ஒப்புதல் மூன்றும் கைக்கு வருமுன் முன்பணம் என்ற பேச்சே எடுக்காதே. "அப்புறம் வந்துடும் அண்ணே" என்றால், பணமும் அப்புறம் வரும் என்று சொல்.

இதுவரை வாங்குகிறவன் கதை. குடியிருக்கிறவன் கதை ஒன்று உண்டே, அதையும் பேசவேண்டும். ஏனென்றால் நம்மவரில் வீடு கட்டுகிறவர் பத்துப் பேர் என்றால் வீடு தேடுகிறவர் நூறு பேர்.

நான்கு மாணவர் சேர்ந்தால் ஆளுக்கு 2,000 வீதம் 8,000 கொடுத்துவிடுவார்கள். அதே வீட்டில் பத்தாண்டாகக் குடியிருக்கும் கொத்தனாரும் சித்தாளுமான குடும்பம் 4,000க்கு மேல் எங்கே போகும்? "தம்பி, பசங்க வர்றாங்க, நீ வேற வீடு பாத்துக்க" என்று ஒரே வார்த்தை. கல்லூரியைக் கட்டியவன் கல்லூரி வந்ததாலேயே ஊரைவிட்டு நகர்கிறான்! 1915இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் நடந்தது இதுதான். போர்க்காலம், ஆயுதத் தொழிற்சாலைகளுக்கு ஆட்கள் வந்து குவிந்தார்கள், வீட்டுக்காரர்கள் வாடகையை உயர்த்தினார்கள். ஆண்கள் போர்முனையில். மேரி பார்பர் என்ற பெண்மணியின் பின்னே இல்லத்தரசிகள் திரண்டார்கள். உயர்த்திய வாடகை தரமாட்டோம் என்றார்கள். வெளியேற்ற வந்தவர்களை வாசலிலேயே மறித்தார்கள். அந்த ஆண்டு முடியுமுன் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் வாடகையைப் போருக்கு முந்தைய அளவில் நிறுத்தச் சட்டம் செய்தது. அடுப்படியிலிருந்து வந்தவர்கள் நாடாளுமன்றத்தை அசைத்தார்கள்!

இங்கேயும் சட்டம் இல்லாமலில்லை. புதுவைக்கு 1969ஆம் ஆண்டின் கட்டட வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் உண்டு. 2021 ஜூனில் மத்திய அரசு ஒரு மாதிரிக் குத்தகைச் சட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. எழுத்து ஒப்பந்தம் கட்டாயம், குடியிருப்புக்கு இரண்டு மாத வாடகைக்கு மேல் முன்பணம் கூடாது என்கிறது அது. மாதிரி, மாதிரிதான், அந்தந்த மாநிலம் சட்டமாக்கினால்தான் உயிர். நடப்பில் நீ காண்பது பதினொரு மாத ஒப்பந்தம். ஏன் பதினொன்று? ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவுசெய்ய வேண்டும் என்று 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் சொல்வதால், ஒரு மாதத்தைக் குறைத்துச் சட்டத்தின் கண்ணில் படாமல் நழுவுகிற உபாயம்! காலி செய்யும்போது "சுண்ணாம்புக் காசு" என்று முன்பணத்தைப் பிடித்துக்கொள்வதும், உள்மீட்டர் வைத்து மின்துறை கேட்பதற்கு மேல் யூனிட்டுக்கு வசூலிப்பதும் அதே உபாயத்தின் தம்பிமார்கள். வீடு கட்டி விடுகிற நம் தோழர்களே சிலர் இந்தத் தம்பிமார்களுக்கு இடம் கொடுக்கிறார்கள். வெட்கமாக இருக்கிறது, சொல்லத்தான் வேண்டும்.

அதைவிட வெட்கம், வாசலில் கேட்கும் அந்தக் கேள்வி. அறை பார்க்க வந்த பிள்ளையிடம் பெயர் கேட்கிறார்கள், ஊர் கேட்கிறார்கள், கல்லூரி கேட்கிறார்கள். பிறகு குரலைத் தாழ்த்தி, "நீங்க என்ன ஆளுங்க?" அந்தப் பிள்ளை தேர்வெழுதி வென்று, உயிர்காக்கும் கல்வி கற்க வந்திருக்கிறது. நாளைக்கு உன் மார்பில் கருவி வைத்து இதயத்துடிப்பைக் கேட்கப்போகிறது. அதனிடம் நீ எதைக் கேட்கிறாய்! கட்சிக்கொடி பறக்கும் வீட்டுத் திண்ணையிலிருந்து இந்தக் கேள்வி வருமானால் முதலில் கொடியை இறக்கிவிட்டுப் பிறகு கேள்.

கழிவுநீர் பற்றி ஒரு வார்த்தை. ஐந்து பேர் இருந்த வீட்டில் இருபது பேர் தங்கினால் அவ்வளவு நீரும் எங்கோ போயாகவேண்டும். இப்போது பாசன வாய்க்காலில் போகிறது. யாரிடம் முறையிடுவது? வில்லியனூரை அடுத்த கீழூரில் 1954 அக்டோபர் 18ஆம் நாள் 178 மக்கள் பிரதிநிதிகள் கூடி, 170 பேர் இந்தியாவோடு இணைவோம் என்று வாக்களித்தார்கள். அந்த மண்ணில் 1968க்குப் பிறகு உள்ளாட்சித் தேர்தல் நடக்க 38 ஆண்டுகள் ஆயின! 2006இல் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் காலம் 2011இல் முடிந்தது. அதன்பின் பத்தாண்டுக்கு மேலாகக் கொம்யூன் பஞ்சாயத்துகளில் அதிகாரிகளின் ஆட்சி. வரி வாங்க அலுவலகம் உண்டு, வாய்க்காலைப் பற்றிக் கேட்க உறுப்பினர் இல்லை என்ற நிலையில்தான் இத்தனை மாடிகளும் எழுந்தன. கிளைக் கழகத் தோழர்கள் தத்தம் பகுதியில் எந்தெந்த மனைப்பிரிவுக்கு ஒப்புதல் இருக்கிறது, எந்தெந்த வாய்க்கால் அடைபட்டிருக்கிறது என்று எண்களோடு எழுதி, தொகுதி உறுப்பினரிடம் கையெழுத்து வாங்கிக் கொடுங்கள். தரகர் கொடுக்கும் துண்டுத்தாளையும் கூடவே கொண்டுவாருங்கள். படிப்பகத்தில் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம்.