தோட்டங்களின் நகரம் மீண்டும் துளிர்க்குமா?

'ரியாத்' என்னும் அரபுச் சொல்லுக்குத் தோட்டங்கள் என்பது பொருள். பேரீச்சந் தோப்புகளாலும், வாதி ஹனீஃபா என்னும் ஓடைப் பள்ளத்தாக்கின் நீராலும் செழித்திருந்த ஊர் அது. நம் சகோதரர்கள் பலர் குடும்பத்தைப் பிரிந்து உழைக்கும் ஊரும் அதுவே. இன்று ஏறத்தாழ 70 இலட்சம் மக்கள் வாழும் அம்மாநகரில் கோடை வெப்பம் 45 பாகை செல்சியஸைத் தாண்டுவதுண்டு. ஆண்டு மழையோ சுமார் 100 மில்லிமீட்டர்தான். கட்டடங்களும் தார்ச்சாலைகளும் பகலில் பருகிய வெப்பத்தை இரவெல்லாம் உமிழ்கின்றன.

இதற்கு மாற்றாக 2019-ஆம் ஆண்டில் 'பசுமை ரியாத்' திட்டம் அறிவிக்கப்பட்டது. 75 இலட்சம் மரங்களை நட்டு, நகரின் பசும்பரப்பை 1.5 விழுக்காட்டிலிருந்து 9.1 விழுக்காடாக உயர்த்துவது அதன் குறிக்கோள். பூங்காக்களில் மட்டுமன்றிப் பள்ளிவாசல்களிலும் பள்ளிக்கூடங்களிலும் தெருவோரங்களிலும் மரங்கள் நடப்படுகின்றன. வறட்சியைத் தாங்கும் மண்ணின் மரங்களான ஸித்ர் என்னும் இலந்தை இனமும், தல்ஹ் என்னும் வேல இனமும் அவற்றுள் இடம்பெறுகின்றன.

பாலையில் இத்தனை மரங்களுக்கு நீர் ஏது என்று நீங்கள் வினவலாம். ரியாத்தின் குடிநீரில் பெரும்பகுதி, கடல்நீரைக் குடிநீராக்கி, நானூறு கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து சுமார் 600 மீட்டர் உயரத்திற்கு ஏற்றிக் கொண்டுவரப்படுவது. அதை மரத்திற்கு வார்த்தால் எரிபொருள் செலவும் புகையும் பெருகும். ஆகவே, பயன்படுத்திக் கழித்த நீரைச் சுத்திகரித்துப் பாய்ச்ச முடிவு செய்தனர். நாளொன்றுக்கு 90,000 கனமீட்டராக இருந்த அதன் பயன்பாட்டைப் பத்து இலட்சத்துக்கு மேல் உயர்த்துவது திட்டம்.

இது இயலாத கனவன்று. குப்பையும் கழிவுநீரும் தேங்கிச் சீரழிந்த வாதி ஹனீஃபாவை முன்னரே அந்நகரம் மீட்டெடுத்தது. அப்பணி 2010-இல் ஆகா கான் கட்டடக்கலை விருதைப் பெற்றது. 2024 டிசம்பரில் ஓடத் தொடங்கிய மெட்ரோ இரயில், மகிழுந்துகளையே நம்பியிருந்த நகரத்திற்கு வேறொரு வழியைத் திறந்துள்ளது.

எனினும் ஒன்றை மறைத்தலாகாது. நிகரக் கரிம வெளியீட்டை 2060-க்குள் சுழியமாக்குவதாகச் சவூதி அரேபியா 2021-இல் அறிவித்தது. அக்கணக்கு உள்நாட்டுப் புகையை மட்டுமே சேர்க்கும். அங்கிருந்து கப்பலேறும் எண்ணெய் பிற நாடுகளில் எரிந்து எழுப்பும் புகை அதில் சேராது. மரநிழல் தெருவைக் குளிர்விக்கும். உலகின் வெப்பம் தணிய எரிபொருளே குறைந்தாக வேண்டும்.

நம் இல்லங்களுக்கும் இதில் பாடம் உண்டு. இரு கைகள் கொள்ளும் அளவான ஒரு 'முத்' நீரில் உளூச் செய்தவர்கள் நம் பெருமானார் (ஸல்) அவர்கள். குழாயைத் திறந்துவிட்டு உளூச் செய்யும் நாம், வீணாகும் நீரை ஒருநாள் ஒரு பாத்திரத்தில் பிடித்து அளந்து பார்ப்போமா? அந்த நீர் முற்றத்து முருங்கைக்குப் போதுமே! அல்லாஹ் நம் அனைவருக்கும் நல்லுணர்வைத் தந்தருள்வானாக! ஆமீன்.