தொட்டிக்குள்ளே ஒரு வீட்டுக்காரர்!

"பெரியம்மா! இன்ஸ்பெக்டர் நீமோவைக் கடிச்சிட்டான்!"

தங்கை வீட்டுக்குள் நான் காலடி வைத்ததுமே அவளுடைய ஏழு வயதுப் பிள்ளை ஓடிவந்து முறையிட்டான். கூடத்தில் மூன்றடி நீளக் கண்ணாடித் தொட்டி. மூலையில், ஃபில்டருக்குப் பின்னால், ஆரஞ்சு நிறக் கோமாளி மீன் ஒன்று பதுங்கியிருந்தது. பாவம், வால் நார்நாராகக் கிழிந்திருந்தது. தொட்டியின் நடுவே கன்னங்கரேலென்று, நெற்றியில் ஒன்றும் பக்கத்துக்கு ஒன்றுமாக மூன்று வெள்ளைப் பொட்டுகளோடு, ரோந்து சுற்றிக் கொண்டிருந்தார் குற்றவாளி.

'ஃபைண்டிங் நீமோ' படத்தைப் பார்த்த நாளிலிருந்து பையனுக்குக் கோமாளி மீன் பைத்தியம். அது உப்புத் தண்ணீர் மீன். அதற்காகவே தொட்டி வாங்கினார்கள்.

"அப்புறம் இந்தக் கறுப்பன் எங்கேருந்து வந்தான்?" என்று கேட்டேன்.

"கடைக்காரர்தான்க்கா சொன்னார். முதல்ல நாலு டாம்ஸல் விடுங்க, எதையும் தாங்கும், ஒரு மாசத்துல தண்ணி பழகிடும், அப்புறம் நல்ல மீனா வாங்கிக்கலாம்னார். மூணு போயிடுச்சு. இவன் மட்டும் மிச்சம். கண்ணாடி துடைக்கக் கையை விட்டா என்னையே கடிக்கிறான்!"

டாம்ஸல் என்றால் ஆங்கிலத்தில் கன்னிப் பெண் என்று அர்த்தம். பெயர்தான் அப்படி; குணம் குழாயடிச் சண்டைதான். அதிலும் 'டாமினோ' என்கிற இந்த வகை சுமார் ஐந்து அங்குலம் வரை வளரும். வளர வளர முரட்டுத்தனமும் கூடும்.

இதை ஏன் முதலில் விடச் சொல்கிறார்கள்? மீனின் கழிவிலிருந்தும் மிஞ்சிய இரையிலிருந்தும் தண்ணீரில் அம்மோனியா சேரும். அது மீனின் செவுளை எரிக்கும் விஷம். அதை நைட்ரைட்டாகவும், பிறகு அவ்வளவு கெடுதல் இல்லாத நைட்ரேட்டாகவும் மாற்ற, கல்லிலும் மணலிலும் இரண்டு வகை பாக்டீரியா பெருக வேண்டும். அதற்கு 4 முதல் 6 வாரம் பிடிக்கும். அந்த விஷத் தண்ணீரில் உயிரைப் பிடித்துக் கொண்டு கிடக்கத்தான் டாம்ஸல்! தாங்கும் என்பதற்காக வலிக்காது என்று சொல்ல முடியுமா? செத்துப்போன மூன்றைக் கேட்டால் தெரியும்.

பாலுக்கு உறை ஊற்றுகிற மாதிரி என்று கடைக்காரர் விளக்கினாராம். உறைமோர் என்றால் அது பாக்டீரியாதான், மீன் இல்லையே! நன்றாக நடக்கிற, நோயில்லாத கடல் மீன் தொட்டியிலிருந்து ஒரு பிடி மணலோ, ஃபில்டர் ஸ்பாஞ்சுத் துண்டோ வாங்கிப் போடுங்கள். ஒரு பச்சை இறாலை வலைத்துணியில் முடிந்து உள்ளே அழுக விடுங்கள். வேண்டிய அம்மோனியா அதிலேயே கிடைத்துவிடும். (நாற்றத்துக்கு மூடி போட்டுக் கொள்ளுங்கள், வீட்டுக்காரர் முகம் சுளித்தால் காரணத்தைச் சொல்லிவிடுங்கள்!) பரிசோதனைக் கிட்டில் அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யம் காட்டியதும், இறாலை எடுத்துவிட்டு, பாதித் தண்ணீரை மாற்றி, சாதுவான மீனை முதலில் விடலாம்.

"சரி, வாங்கியாச்சே. இப்ப என்ன பண்றது?" என்றாள் தங்கை.

கடலில் டாம்ஸல் ஒரு பவளப்பாறைத் திட்டைத் தன் வீடாக வைத்துக் கொள்ளும். இரை, ஒளிய இடம், முட்டை எல்லாம் அங்கேதான். முட்டைக்குக் காவல் ஆண் மீன். வேற்று மீன் வந்தால் துரத்தும். வந்தது ஓடிப் போய்விடும், விவகாரம் முடிந்தது. மூன்றடித் தொட்டியில் எங்கே ஓடுவது? முதலில் குடிவந்தவருக்குத் தொட்டி முழுக்கச் சொந்த வீடு. பின்னால் வருகிறவர் பாடு திண்டாட்டம்தான். வேடிக்கை என்னவென்றால், கோமாளி மீனும் டாம்ஸல் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். பங்காளிச் சண்டை!

கற்களை எடுத்து இடம் மாற்றி அடுக்கினால் பழைய எல்லை குழம்பி, சண்டை சில நாள் தணியும். புது மீனைத் துளையுள்ள பிளாஸ்டிக் கூடையில் ஒரு வாரம் உள்ளேயே தொங்கவிட்டுப் பழக்கலாம். நீலப்பச்சை குரோமிஸ் போன்ற சாது டாம்ஸல் என்றால் இவை பலிக்கலாம். டாமினோவிடம் எனக்கு நம்பிக்கையில்லை. ஒன்று அவன் இருக்க வேண்டும், இல்லை மற்றவை இருக்க வேண்டும்.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள். வேண்டாத மீனை ஏரியிலோ கடலிலோ கொண்டுபோய் விடாதீர்கள். ஏரி நன்னீரில் அது செத்துவிடும். கடலிலோ, எங்கிருந்தோ வந்த மீன் உள்ளூர் மீன்களுக்கு எமனாகலாம். பசிபிக், இந்தியப் பெருங்கடல்களைச் சேர்ந்த சிங்கமீன் அட்லாண்டிக்கில் பெருகி இன்று அங்குள்ள மீன்களை விழுங்கிக் கொண்டிருக்கிறது. அது அங்கே போனதற்குத் தொட்டி வளர்ப்பாளர்களே காரணம் என்கிறார்கள்.

"கடைக்கே திருப்பிக் கொடுத்துடலாம்னு இவர் சொல்றார்" என்றாள் தங்கை.

பையன் நிமிர்ந்தான். "குடுத்தா அவனை என்ன பண்ணுவாங்க?"

யாரும் பதில் சொல்லவில்லை. இன்னொரு புதுத் தொட்டிக்குத்தான் அனுப்புவார்கள் என்று எனக்குத் தோன்றியது. அதைக் குழந்தையிடம் எப்படிச் சொல்வது?

"அவன்தானே பெரியம்மா முதல்ல வந்தான்?" என்றான் மறுபடியும்.

நீமோவைக் கூடையில் பிரித்து வைத்தோம். வால் ஆறியதும், தங்கை கணவரின் நண்பர் வீட்டுத் தொட்டிக்கு அது குடிபோனது. அங்கே டாம்ஸல் கிடையாது. ஞாயிற்றுக்கிழமைகளில் பையன் போய்ப் பார்த்துவிட்டு வருகிறான்.

இன்ஸ்பெக்டர் தனி ராஜாங்கம் நடத்துகிறார். ஆவியாகிக் குறைகிற தண்ணீருக்கு, மறக்காமல் உப்பில்லாத சுத்த நீரைத்தான் ஊற்றுகிறாள் தங்கை. உப்பு ஆவியாகாது அல்லவா! கண்ணாடி துடைக்க நீளக் கைப்பிடி பிரஷ் ஒன்றும் வாங்கிவிட்டாள். இப்போது அதைக் கடிக்கிறாராம்.