வீடு கட்ட வந்து அரசியலுக்குள் விழுந்த ஜேர்மனியர்

இலங்கையின் வடக்கு கிழக்கில் 65,000 உருக்கு வீடுகள். 2016இல் அரசாங்கம் முன்வைத்த இந்தத் திட்டம் பெரும் சர்ச்சையாக வெடித்தது. ஒரு வீட்டின் விலை ஏறத்தாழ 21 இலட்சம் ரூபாய். அந்தப் பணத்தில் இரண்டு கல்வீடு கட்டலாம் என்றார்கள் எதிர்த்தவர்கள். இந்த வெக்கைக்கு இரும்புச் சுவர் ஒத்துவராது, விறகடுப்புக்கு இடமில்லை, பிள்ளை வளர்ந்தபின் ஓர் அறை கூட்டிக் கட்டவும் முடியாது என்று குறைகள் அடுக்கப்பட்டன. மொரட்டுவைப் பல்கலைக்கழகப் பொறியியலாளர்களும் கேள்வி எழுப்பினார்கள். கடைசியில் அந்தத் திட்டம் அந்த வடிவில் நிறைவேறவேயில்லை.

இதற்கு ஏறக்குறைய 65 வருடங்களுக்கு முன்பு டெல்லியிலும் இதுபோன்ற ஒரு கதை நடந்தது. அங்கே பழியைச் சுமந்தவர் ஓட்டோ கோனிக்ஸ்பேர்கர் என்ற ஜேர்மன் கட்டடக் கலைஞர்.

யார் இவர்?

1908இல் பேர்லினில் பிறந்தவர். ஹான்ஸ் போல்ஸிக், புரூனோ டவுட் போன்ற பெரும் பெயர்களிடம் கட்டடக்கலை படித்தவர். 1933இல் பெயர்பெற்ற ஷிங்கல் பரிசு கிடைத்தது. அதே வருடம் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். யூத வம்சாவளி என்பதால் கோனிக்ஸ்பேர்கரின் அரச வேலை பறிபோனது. எகிப்துக்குப் போய்த் தொல்லியல் அகழ்வுகளில் வேலை செய்தார். 1939இல் மைசூர் சமஸ்தானம் அவரைத் தலைமைக் கட்டடக் கலைஞராக அழைத்துக்கொண்டது. அப்போது திவானாக இருந்தவர் சேர் மிர்சா இஸ்மாயில். பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழக வளாகத்தில் கோனிக்ஸ்பேர்கர் வரைந்த கட்டடங்கள் இன்றும் இருக்கின்றன.

இலங்கைக்கும் இவருக்கும் ஒரு தொடர்பு உண்டு. கண்டியைச் சேர்ந்த மினற் டி சில்வா, காந்தியின் கைதை எதிர்த்த போராட்டத்தில் கலந்துகொண்டதற்காக பம்பாயில் படிப்பை இழந்தவர். அதன்பின் கோனிக்ஸ்பேர்கரின் பெங்களூர் அலுவலகத்தில்தான் வேலை பழகினார். பிற்காலத்தில் பிரித்தானியக் கட்டடக் கலைஞர் கழகத்தில் இணைந்த முதல் ஆசியப் பெண் என்ற பெயரும் அவருக்கு வந்தது.

அரசியலுக்குள் எப்படி வந்தார்?

கோனிக்ஸ்பேர்கர் எந்தத் தேர்தலிலும் நிற்கவில்லை. ஆனால் 1948இல் அவர் ஏற்ற பதவி, இந்திய மத்திய அரசின் வீடமைப்புப் பணிப்பாளர் பதவி. இந்தியா-பாகிஸ்தான் பிரிவினையால் வீடிழந்து இலட்சக்கணக்கானோர் முகாம்களில் கிடந்த நேரத்தில் அதைவிட அரசியலான நாற்காலி வேறு இல்லை. அதே வருடம் ஒரிசாவின் புதிய தலைநகரான புவனேஸ்வருக்குத் திட்டம் வரைந்தார். பிள்ளைகள் நடந்தே பள்ளிக்கூடம் போகும் அளவுக்குச் சிறுசிறு குடியிருப்புகளாக நகரைப் பிரித்தது அந்தத் திட்டம். பரீதாபாத், காந்திதாம் போன்ற அகதி நகரங்களின் திட்டங்களிலும் அவர் பங்கு உண்டு.

எங்கே சறுக்கினார்?

அகதிகளுக்கு விரைவாக வீடு வேண்டும். டெல்லி ஜங்புராவில் அரசாங்கம் ஒரு வீட்டுத் தொழிற்சாலையே தொடங்கியது. நுரைக் கொங்கிறீற் பலகைகளை அங்கே வார்த்து, லொறியில் ஏற்றிக் கொண்டுபோய்ப் பூட்ட வேண்டியதுதான் என்பது கணக்கு. கணக்கு பிசகியது. பலகைகள் வெடித்தன, உற்பத்தி தடுமாறியது, பாராளுமன்றத்தில் கேள்விகள் பறந்தன. சுகாதார அமைச்சர் ராஜ்குமாரி அம்ரித் கௌர் பதில் சொல்ல வேண்டியதாயிற்று. 1951இல் கோனிக்ஸ்பேர்கர் லண்டனுக்குப் போய்விட்டார்.

என்ன கற்றுக்கொண்டார்?

அவருடைய பிற்கால வேலையைப் பார்த்தால் விடை தெரியும். 1950களில் ஐ.நா. குழுவில் ஒருவராக கானாவுக்குப் போனபோது, வீடு கட்டிக் கொடுங்கள் என்று அந்தக் குழு சொல்லவில்லை. சனங்கள் சுவரைத் தாங்களே எழுப்பிக்கொள்வார்கள், முடங்குவது கூரையில்தான், அதற்குக் கடன் கொடுங்கள் என்றது. 1963இல் சிங்கப்பூருக்குப் போன ஐ.நா. குழுவிலும் இருந்தார். இருபது வருடத்துக்கு ஒரே வரைபடத்தைப் போட்டுப் பூட்டி வைக்காதே, செய், பார், திருத்து என்ற திட்டமிடல் முறையை 1964இல் எழுத்தில் வைத்தார். அவர் இணைந்து எழுதிய வெப்பமண்டல வீடமைப்புக் கையேடு 1974இல் வந்தது. 1999இல் காலமானார்.

மட்டக்களப்புக்கு இதில் என்ன இருக்கிறது?

வெயிலும் காற்றும் எந்தத் திசை என்று பார்க்காமல் கோடு கீறாதே என்பதுதான் அந்தக் கையேட்டின் அடிப்படை. மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே, கடல் பக்கமுள்ள எழுவான்கரையில் ஒரு வளவை எடுத்துக்கொள்வோம். பகலில் கடற்காற்று கிழக்கிலிருந்து வரும். பின்னேர வெயில் மேற்குச் சுவரைச் சுடும். தென்மேல் பருவத்தில் வாவிக்கு மேற்கே படுவான்கரைப் பக்கமிருந்து கச்சான் காற்று காய்ந்து வீசும். அப்படியானால் யன்னல் கிழக்கே திறக்க வேண்டும், அதற்கு நேரெதிரே காற்று வெளியேற வழி வேண்டும், மேற்குச் சுவருக்கு விறாந்தையோ மரநிழலோ வேண்டும். ஒரே அச்சில் வார்த்து வரிசையாக நிறுத்தும் வீட்டில் இதற்கெல்லாம் இடமில்லை.

இடத்தின் கேள்வி இன்னும் கடினம். 2004 சுனாமிக்குப் பிறகு வடக்கு கிழக்கில் கரையிலிருந்து 200 மீற்றருக்குக் கட்டத் தடை வந்தது, தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர். கடலுக்கும் வாவிக்கும் நடுவே கிடந்த நாவலடி அழிந்தபின் அங்கிருந்த பல குடும்பங்கள் திராய்மடுவுக்குப் போயின. உயிருக்குப் பாதுகாப்பு என்பது சரி. ஆனால் தோணியும் வலையும் கரையில் இருக்கும்போது வீடு உள்நாட்டில் இருந்தால், தொழிலுக்குப் போய்வரும் செலவை யார் தலையில் போடுவது? இதற்குக் கட்டடக் கலைஞரால் மட்டும் பதில் சொல்ல முடியாது. அது பிரதேச செயலகத்திலும் மாகாண சபையிலும் பேசித் தீர்க்க வேண்டிய விடயம்.

வேறு வழியும் இங்கேயே நடந்திருக்கிறது. இந்திய வீட்டுத்திட்டத்தில் வடக்கு கிழக்கின் பெரும்பாலான பயனாளிக் குடும்பங்களுக்கு ஐந்தரை இலட்சம் ரூபாய் கட்டங்கட்டமாகக் கொடுக்கப்பட்டது. அத்திவாரம் முடிந்தால் ஒரு பகுதி, சுவர் எழும்பினால் ஒரு பகுதி. மேசனைப் பிடித்ததும் வேலையை மேற்பார்த்ததும் வீட்டுக்காரர்தான். பொருள் விலை ஏறியபோது பலர் கடன்பட்டார்கள் என்பதும் உண்மை. ஆனாலும் குசினி எங்கே, யன்னல் எந்தப் பக்கம் என்ற தீர்மானம் பெருமளவுக்கு அவர்கள் கையில் இருந்தது.

அடுத்த வீட்டுத்திட்டம் வரும்போது கிராம மட்டக் கூட்டத்தில் நான்கு கேள்வி கேட்டால் போதும். காற்று எந்தப் பக்கத்தால் நுழையும்? அடுப்பு எங்கே? பிறகு அறை கூட்ட முடியுமா? தொழிலுக்கு எவ்வளவு தூரம்? கொண்டுவருபவர் அமைச்சராக இருந்தாலும் நிபுணராக இருந்தாலும், கையெழுத்துக்கு முன்பே பதில் வரவேண்டும்.