காண்டாமிருக வண்டுக்கு ஒரு நோய்

தாம்பரத்தை அடுத்த சேலையூர், மாடம்பாக்கம் பக்கம் வீட்டுத் தென்னைகளை அண்ணாந்து பாருங்கள். சில மட்டைகளில் ஓலை கத்தரியால் நறுக்கியதுபோல முக்கோணமாக வெட்டுப்பட்டிருக்கும். குருத்து விரியுமுன்பே காண்டாமிருக வண்டு அதைக் குடைந்து சாறு உறிஞ்சியிருக்கிறது. ஓலை விரிந்த பிறகுதான் காயம் நம் கண்ணில் படுகிறது.

வண்டு தின்பது மர உச்சியில். அதன் புழு வளர்வதோ எருக்குழியிலும் மட்கும் தென்னந்தூரிலும். மனை போடுவதற்காக வெட்டிய மரத்தின் அடிக்கட்டை காலிமனையில் கிடந்து மட்கினால், அடுத்த தலைமுறை வண்டுகள் அங்கிருந்தே கிளம்பும்.

அந்தப் புழுவுக்கு எமன் மெட்டாரைசியம் என்ற பூஞ்சை. புழு அதைத் தின்னவே வேண்டாம். மேலே ஒட்டிய வித்து முளைத்து, தோலைக் கரைக்கும் நொதிகளைச் சுரந்து உள்ளே இறங்கிவிடும். இறந்த புழு விறைத்துப்போகும்; ஈரம் இருந்தால் உடலெங்கும் பச்சை வித்துகள் படரும். பின்னாளில் நோய் எதிர்ப்பாற்றல் ஆய்வுக்காக 1908-இல் நோபல் பரிசு பெற்ற மெச்னிகாஃப்தான், 1879-இல் ஒடெசாவில் கோதுமை வண்டுகளில் இந்தப் பூஞ்சையை ஆராய்ந்து, பயிரைக் காக்க இதை ஏவலாம் என்றார். கொப்பரைக்குத் தேங்காய் உடைக்கையில் வீணாகும் தண்ணீரிலேயே இதை வளர்க்கலாம் என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

அதைவிடப் பெரிய வியப்பு ஒரு வைரஸ். 1909-இல் இலங்கையிலிருந்து போன ரப்பர் நாற்றுகளோடு இந்த வண்டு சமோவாவில் இறங்கித் தென்னைகளைச் சூறையாடியது. 1963-இல் அலாய்ஸ் ஹூகர் மலேசியாவில் வண்டின் வைரஸைக் கண்டுபிடித்தார். 1967-இல் அதைச் சமோவாவில் விட்டார்கள். வளர்ந்த வண்டை அது உடனே கொல்வதில்லை. குடலில் பெருகுகிறது. வண்டுக்குத் தீனி குறைகிறது, முட்டை குறைகிறது, ஆனாலும் பறக்கிறது. போகிற குருத்திலும் எருக்குழியிலும் எச்சத்தோடு வைரஸை விட்டுச் செல்கிறது, இணைசேரும்போதும் பரப்புகிறது. நாம் தேடிப் பிடிக்க முடியாத கட்டைகளுக்குள்ளும் நோயை வண்டே கொண்டுபோகிறது. பட்டென்று கொல்லும் கிருமியால் இது ஆகாது. சமோவாவில் சேதம் வெகுவாகக் குறைந்தது. 1980-களில் லட்சத்தீவின் மினிக்காயிலும் இதே முறை பலன் தந்தது.

பூச்சியும் சும்மா இருப்பதில்லை. 2007-இல் குவாம் தீவில் தலைகாட்டிய ஒரு வகை வண்டு வழக்கமான வைரஸ் ரகங்களுக்கு மசியவில்லை. அதை வீழ்த்தும் ரகத்தைத் தேடும் ஆய்வுகள் தொடங்கின.

உயிருள்ள பூச்சியிலோ அதன் செல்களிலோதான் வைரஸ் பெருகும் என்பதால் அதை வீட்டில் தயாரிக்க வழியில்லை. தாம்பரத்து வீட்டுத் தோட்டத்துக்குக் கைகொடுப்பது பூஞ்சைதான். எருக்குழியில் கலந்துவிட்டு ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழை அந்த வேலையைப் பாதி செய்துவிடும். பக்கத்து மனையில் மட்கும் தூரையும் அகற்றச் சொல்லுங்கள்.