பாட்டு முடிந்தது... கணக்கு முடியவில்லை!

குழந்தைகளே! பள்ளி ஆண்டு விழாவில் பாடியிருப்பீர்கள், ஆடியிருப்பீர்கள். அதேபோல ஒரு நிகழ்ச்சி நடத்தி, அதில் சேரும் பணத்தை எங்கோ பசியோடு இருக்கும் பிள்ளைகளுக்கு அனுப்ப முடியுமா? முடியும். அதற்கு உதவி நிதி இசை நிகழ்ச்சி என்று பெயர். உலகமே திரும்பிப் பார்க்கும் அளவுக்கு, அப்படி ஒரு பெரிய நிகழ்ச்சி நடக்கக் காரணமாக இருந்தவர் நம் நாட்டுக்காரர்தான். யார் தெரியுமா? சிதார் மேதை பண்டிட் ரவிசங்கர்!

இன்றைய வங்கதேசத்துக்கு அப்போது கிழக்குப் பாகிஸ்தான் என்று பெயர். 1970 நவம்பரில் அங்கே பயங்கரப் புயல் அடித்தது. கடல் பொங்கி ஊருக்குள் புகுந்து, லட்சக்கணக்கானோரைக் கொண்டு போய்விட்டது. அந்தத் துயரம் ஆறுவதற்குள், 1971 மார்ச்சில் ராணுவத்தின் தாக்குதல் தொடங்கியது. உயிர் பிழைத்தால் போதும் என்று மக்கள் இந்தியாவுக்கு ஓடி வந்தார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் வந்து சேர்ந்தவர்கள் சுமார் ஒரு கோடி பேர்!

இத்தனை பேருக்கு வீட்டுக்கு எங்கே போவது? கல்கத்தா அருகே, பாதாளச் சாக்கடை போடுவதற்காக வைத்திருந்த பெரிய சிமென்ட் குழாய்களுக்குள்ளேகூடக் குடும்பங்கள் தங்கின. மழைக்காலம் வேறு. முகாம்களில் காலரா பரவியது. அதிகம் துன்பப்பட்டவர்கள் குழந்தைகள்தான்.

ரவிசங்கர் அப்போது அமெரிக்காவில் இருந்தார். அவர் வங்காளி. அவருடைய குரு அலாவுதீன் கான் பிறந்த மண்ணும் கிழக்கு வங்காளம்தான். செய்திகளைப் படித்துத் துடித்துப் போனார். ஒரு கச்சேரி செய்து, 25 ஆயிரம் டாலர் திரட்டி அனுப்பினால் என்ன என்று நினைத்தார். நண்பர் ஜார்ஜ் ஹாரிசனிடம் மனம் விட்டுப் பேசினார்.

ஜார்ஜ் ஹாரிசன் யார் தெரியுமா? 'பீட்டில்ஸ்' என்ற புகழ்பெற்ற இங்கிலாந்து இசைக்குழுவில் இருந்தவர். ரவிசங்கரிடம் சிதார் கற்றுக்கொண்ட சீடரும்கூட. 'நான் உதவுகிறேன், இன்னும் பெரிதாகவே செய்வோம்' என்று இறங்கிவிட்டார்.

இப்படி ஒரு நிகழ்ச்சியை அவர் அதற்கு முன் நடத்தியதே இல்லை. கையில் இருந்ததோ ஐந்தாறு வாரம்தான்! தொலைபேசியை எடுத்தார், இசைக் கலைஞர்களை ஒவ்வொருவராக அழைத்தார். எரிக் கிளாப்டன், ரிங்கோ ஸ்டார், லியோன் ரசல், பில்லி பிரஸ்டன் என்று பெரிய பெரிய கலைஞர்கள் சம்பளம் வாங்காமல் வாசிக்க ஒப்புக்கொண்டார்கள். பாப் டிலன் மட்டும் கடைசிவரை வருவாரா, மாட்டாரா என்று தெரியவில்லை. அதனால், தன் கிடாரில் ஒட்டியிருந்த பாட்டுப் பட்டியலில், 'பாப்' என்று எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறியும் போட்டிருந்தார் ஹாரிசன். டிலன் வந்துவிட்டார்!

1971 ஆகஸ்ட் 1, ஞாயிற்றுக்கிழமை. இடம், நியூயார்க் நகரின் மாடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கம். முதலில் ஒரே ஒரு காட்சிதான் அறிவித்தார்கள். சீட்டுகள் மளமளவென்று விற்றுத் தீர்ந்ததால் மதியம் ஒன்று, இரவு ஒன்று என இரண்டு காட்சிகள் நடந்தன. சுமார் 40 ஆயிரம் பேர் வந்தார்கள்.

முதலில் இந்திய இசை. ரவிசங்கர் சிதார், அலி அக்பர் கான் சரோது, அல்லா ரக்கா தபேலா. மேடையில் அமர்ந்து சுருதி சேர்த்தார்கள். அதுதான் கச்சேரி என்று நினைத்து, கூட்டம் பலமாகக் கை தட்டியது! சுருதி சேர்த்ததே இவ்வளவு பிடித்திருந்தால், வாசிப்பு இன்னும் பிடிக்கும் என நம்புவதாக ரவிசங்கர் நயமாகச் சொன்னார்.

வசூல் எவ்வளவு? 2 லட்சத்து 43 ஆயிரம் டாலருக்கும் மேல்! ரவிசங்கர் நினைத்ததைப் போல் ஏறக்குறைய 10 மடங்கு. அந்தப் பணம் அதே மாதத்திலேயே, ஐ.நா. சபையின் குழந்தைகள் அமைப்பான யுனிசெஃபிடம் கொடுக்கப்பட்டது. இதுவரை எல்லாம் நல்லபடியாக நடந்தது.

சிக்கல் பிறகுதான் வந்தது. நிகழ்ச்சியை இசைத்தட்டாகவும், திரைப்படமாகவும் வெளியிட்டார்கள். அவை நன்றாக விற்றன; கதவு வசூலைவிடப் பல மடங்கு பணம் சேர்ந்தது. ஆனால், அதில் பெரும் பகுதி குழந்தைகளிடம் போய்ச் சேரவில்லை. ஏன்?

சம்பாதிக்கும் பணத்துக்கு அரசுக்கு வரி கட்ட வேண்டும் அல்லவா? தர்ம காரியத்துக்குச் சேர்க்கும் பணத்துக்கு விலக்கு உண்டு. ஆனால், 'இந்தப் பணம் இந்த அமைப்புக்குத்தான்' என்று முன்கூட்டியே எழுதிப் பதிவு செய்திருக்க வேண்டும். அவசரத்தில், இங்கே அதைச் செய்யவில்லை. விளைவு? இது வருமானமா, தர்மமா என்று அமெரிக்க வரித்துறை கணக்கைத் தோண்டத் தொடங்கியது. பணம் ஆண்டுக்கணக்கில் முடங்கியது. அதில் பெரும் தொகை யுனிசெஃபுக்குக் கிடைத்தது, 1982-ம் ஆண்டு வாக்கில்தான்!

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். 1971 டிசம்பரிலேயே போர் முடிந்து வங்கதேசம் பிறந்துவிட்டது. முகாமில் பாலுக்கு அழுத ஒரு வயதுக் குழந்தை, அந்தப் பணம் வந்தபோது, உங்களைப் போல ஏழாம் வகுப்புப் படிக்கும் வயதை எட்டியிருக்கும். பசித்த நேரத்தில் கிடைக்காத சோறு, பத்து ஆண்டு கழித்துக் கிடைத்து என்ன பயன்?

அதற்காக அந்த நிகழ்ச்சி தோல்வி என்று சொல்லிவிட முடியாது. கதவு வசூல் உரிய நேரத்தில் போய்ச் சேர்ந்தது. 'வங்கதேசம்' என்ற பெயரையே அறியாத பலர் அதைத் தெரிந்துகொண்டார்கள். தாமதமாக வந்த பணமும், அந்த நாட்டுக் குழந்தைகளுக்கே போயிற்று. பின்னால் வந்தவர்களுக்கு அது பாடமாகவும் அமைந்தது. எத்தியோப்பியப் பஞ்சத்துக்காக 1985-ல் லண்டனிலும், அமெரிக்காவின் பிலடெல்பியாவிலும் 'லைவ் எய்ட்' நிகழ்ச்சி நடந்தபோது, பணத்தைக் கையாள முன்பே ஓர் அறக்கட்டளை அமைத்திருந்தார்கள்.

சரி, நீங்களும் உங்கள் பள்ளியில் முதன்முதலாக இப்படி ஒன்று நடத்த ஆசைப்படுகிறீர்களா? இதோ சில வழிகள்:

1. யாருக்காக என்று முதலில் முடிவு செய்யுங்கள். 'ஏழைகளுக்கு உதவி' என்று பொதுவாகச் சொல்லாமல், 'அரசு மருத்துவமனைக் குழந்தைகள் வார்டுக்கு 20 போர்வைகள்' என்பது போலத் தெளிவாகச் சொல்லுங்கள். வாங்கிக்கொள்பவர்களிடமும் முன்பே பேசிவிடுங்கள்.

2. தலைமையாசிரியரிடம் எழுத்து மூலம் அனுமதி வாங்குங்கள். பணப்பொறுப்பு ஓர் ஆசிரியரிடம் இருக்கட்டும்.

3. செலவை முதலில் எழுதுங்கள். 20 ரூபாய் வீதம் 150 சீட்டு விற்றால் 3,000 ரூபாய். மைக் செட், நாற்காலி வாடகை, அச்சுக்கூலி என்று 2,000 செலவானால் மிஞ்சுவது 1,000 தான். பள்ளியின் மைக்கையும் நாற்காலிகளையும் கேட்டு வாங்கினால், அச்சுக்கூலி 200 போக 2,800 ரூபாய் மிஞ்சும்!

4. சீட்டுகளுக்கு வரிசை எண் போடுங்கள். எந்த எண் முதல் எந்த எண் வரை யாரிடம் கொடுத்தீர்கள் என்று நோட்டில் குறித்து வையுங்கள்.

5. நிகழ்ச்சி முடிந்த அன்றே இரண்டு பேர் சேர்ந்து பணத்தை எண்ணுங்கள். இருவரும் கையெழுத்துப் போடுங்கள்.

6. ஒரு வாரத்துக்குள் உதவியைக் கொண்டுபோய்ச் சேர்த்து, ரசீது வாங்குங்கள். வரவு செலவையும் ரசீதையும் பள்ளித் தகவல் பலகையில் ஒட்டுங்கள். அப்போதுதான் அடுத்த முறை நீங்கள் சீட்டு நீட்டும்போது, ஊர் நம்பிக் கொடுக்கும்.

உங்களில் சிலருக்குப் பாட வரும். சிலருக்குக் கணக்கு வரும். 'எனக்குப் பாட வராதே' என்று யாரும் ஒதுங்க வேண்டாம். பாடத் தெரிந்தவர் பணத்தைச் சேர்ப்பார். கணக்குத் தெரிந்தவர் அதைப் பசித்தவர் கையில் சேர்ப்பார். இரண்டு பேரும் வேண்டும், குழந்தைகளே!