பழுதுற்ற பற்றரியும் கமநிலமும்

உழவு இயந்திரத்தை இயக்கத் தொடங்குவதற்கும், காட்டு யானைகளைத் தடுக்கும் மின்வேலிக்கு வலுவூட்டுவதற்கும் ஈய-அமிலப் பற்றரி பல கமங்களிற் பயன்படுகின்றது. பிரான்சு நாட்டறிஞர் பிளான்ரே இதனை 1859 ஆம் ஆண்டில் ஆக்கினார். ஈயத் தகடுகளும் ஐதான கந்தகவமிலமுமே இன்றும் இதன் உள்ளீடாகும். இதன் நிறையிற் பாதிக்கு மேற்பட்டது ஈயமாம்.

மின் தீர்ந்த பற்றரியைப் பல நாள் அவ்வாறே விட்டால் தகடுகளிற் படியும் ஈயச்சல்பேற்று இறுகிவிடும். பின்னர் அது மின்னை ஏலாது. மின் நிறைந்த 12 வோற்றுப் பற்றரி, ஓய்விலிருக்கும்போது ஏறத்தாழ 12.6 வோற்றுக் காட்டும். 12 வோற்றுக்குக் குறையுமுன் அதற்கு மின்னேற்றுதல் வேண்டும். நீர் விடும் வகையாயின், தகடுகள் மூழ்கியிருக்கக் காய்ச்சி வடித்த நீரையே விடுக. கொதித்தாறிய கிணற்று நீர் அதற்கு ஈடாகாது. அதிலுள்ள உப்புகள் கொதித்தலால் முற்றாக நீங்குவதில்லை.

இவ்வாறு பேணினும் பற்றரி ஒருநாள் பழுதுறும். கேடு விளைவது பெரும்பாலும் அதன் பின்னரேயாம். வலைக்கு ஈயக்குண்டு வார்க்கும் பொருட்டு அதனை உடைத்து உருக்குவோர் உளர். ஈயம் 327 பாகை சதமளவில் உருகுமாதலால் விறகடுப்பே அதற்குப் போதும். ஆனால் அங்கெழும் புகையும் தூளும் முற்றத்திற் படிந்து, மண்ணளைந்த கையை வாயில் வைக்கும் குழந்தையின் உடலிற் சேர்கின்றன. ஈயம் குழந்தையின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். நேர்ந்த கேட்டைப் பின்னர் முற்றாக மாற்றல் இயலாது.

பாரம் குறையுமென்று அமிலத்தை வரம்பிலோ வாய்க்காலிலோ ஊற்றுவதும் தீதே. வாங்குபவர் அவ்வாறு கேட்பினும் இணங்கற்க. அவ்வமிலத்திலும் ஈயம் கலந்துள்ளது. சிந்திய இடத்தில் அப்பச்சோடாவைத் தூவினால் அமிலம் அடங்கும்; ஈயமோ மேல்மண்ணிலேயே பல்லாண்டு தங்கும். ஆதலின் அவ்விடத்திற் கீரையும் கிழங்கும் பயிரிடலாகாது.

பழைய ஈயத்தை மீண்டும் மீண்டும் உருக்கித் தூய்மையாக்கலாம். அதனாற் புதிய பற்றரிக்கும் அது உதவும். ஆயின் அது புகையையும் கழிவையும் அடக்கும் வசதியுள்ள ஆலைக்குரிய தொழில். எனவே புதியதை வாங்கும்போது பழையதை உடையாமல், நிமிர்த்தியபடி, விற்பனையாளரிடம் ஒப்படைத்தலே தக்கது. அதுவரை மழை படாத கொட்டிலில், பிளாத்திக்குத் தட்டின்மேல், பிள்ளைகளுக்கு எட்டாதவாறு வைத்திருக்க வேண்டும். வீட்டருகே முன்னர் எவரேனும் ஈயம் உருக்கியிருப்பின், அதனை வைத்தியரிடம் கூறிப் பிள்ளைகளின் இரத்தத்திலுள்ள ஈயத்தின் அளவைச் சோதிப்பித்தல் வேண்டும்.