மருத்துவத்தின் நான்காம் அங்கம்

மருத்துவம் என்றதும் நம் நினைவுக்கு வருவன மருத்துவரும் அவர் எழுதித் தரும் மருந்துமே. திருவள்ளுவரோ ‘மருந்து’ என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறளில் மருத்துவத்துக்கு நான்கு அங்கங்கள் கூறுகிறார். நோயாளி, மருத்துவர், மருந்து ஆகிய மூன்றோடு, அருகிருந்து பணிவிடை செய்பவரையும் சேர்க்கிறார். ‘உழைச்செல்வான்’ என்பது அவருக்கு வள்ளுவர் இட்ட பெயர். வள்ளுவர் பிறந்ததாக மரபு கூறும் மயிலாப்பூரில் அவருக்குக் கோயில் உண்டு. ஆயினும் அவர் சொன்ன நான்காமவரை நாம் அதிகம் எண்ணிப் பார்ப்பதில்லை. அவரே இன்றைய செவிலியர்.

அவர் பணி எத்தகையது? ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். தானாகப் புரண்டு படுக்க இயலாத நோயாளியின் எடை முதுகின் அடிப்பகுதி, இடுப்பெலும்பு, குதிகால் போன்ற சில இடங்களிலேயே அழுந்துகிறது. அங்குள்ள நுண்ணிய இரத்தக் குழாய்கள் நசுங்குகின்றன. பிராணவாயு கிடைக்காமல் தோலும் தசையும் சிதைகின்றன. இதுவே படுக்கைப் புண். சில மணி நேரத்தில் தொடங்கக்கூடிய இப்புண் ஆறுவதற்கு மாதங்களும் ஆகலாம். கிருமிகள் இரத்தத்தில் கலந்தால் உயிருக்கே ஆபத்து. தடுக்கும் வழியோ எளியது. சுமார் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை நோயாளியைத் திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். தோலில் ஈரம் தங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சத்துணவு தர வேண்டும். ஆனால் இவற்றை இரவும் பகலும் தவறாமல் செய்தாக வேண்டும். பரிவு இல்லாதவரால் இது ஆகாது.

இப்பரிவுக்கு நம் நாட்டிலேயே ஒரு சான்று உண்டு. மும்பை கே.ஈ.எம். மருத்துவமனையில் செவிலியராக இருந்த அருணா ஷான்பாக், 1973 நவம்பரில் அங்கேயே ஓர் ஊழியனால் கொடுமையாகத் தாக்கப்பட்டார். கழுத்து நெரிபட்டதால் மூளை பழுதுற்றுப் பேச்சிழந்து படுக்கையில் வீழ்ந்தார். 2015 மே 18 அன்று நிமோனியாவால் இறக்கும்வரை, ஏறத்தாழ 42 ஆண்டுகள் அம்மருத்துவமனைச் செவிலியர் அவரைப் பேணினர். ஒரு தலைமுறை ஓய்வு பெற, அடுத்த தலைமுறை அப்பணியை ஏற்றது. அவருக்குப் படுக்கைப் புண் வரவிடாமல் காத்தனர்.

கைகளால் தொண்டு செய்ததோடு அவர்கள் நிற்கவில்லை. அருணாவுக்காக வாதாடவும் செய்தனர். 1980-களில் அவரை வெளியே மாற்ற மாநகராட்சி முயன்றபோது போராடித் தடுத்தனர். பின்னர், அவருக்கு உணவூட்டுவதை நிறுத்தி அமைதியாக இறக்க விடவேண்டும் என்று ஓர் எழுத்தாளர் உச்ச நீதிமன்றத்தில் மனுச் செய்தார். அவரும் அருணாவின் துன்பத்துக்கு இரங்கியே கேட்டார். மருத்துவமனை ஊழியர்களோ தாங்களே தொடர்ந்து பேணுவதாக உறுதி கூறினர். 2011 மார்ச் 7 அன்று நீதிமன்றம் மனுவைத் தள்ளியது. நாள்தோறும் அருகிருந்து பேணிய அவர்களே அருணாவின் சார்பில் பேசத் தக்கவர்கள் என்றது. எது நல்ல முடிவு என்பதில் நம்மிடையே கருத்து வேறுபாடு இருக்கலாம். ஆனால் பேசும் உரிமை பணிவிடையால் வருகிறது என்ற உண்மையை அத்தீர்ப்பு நிலைநாட்டியது.

நம் சென்னைக்கு வருவோம். அடையாற்றில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-இல் 12 படுக்கைகளோடு தொடங்கிய புற்றுநோய் மருத்துவமனையை நாடி வெளியூர்களிலிருந்தும் ஏழை எளியோர் வருகின்றனர். எந்த மருத்துவமனையிலும், ‘வலி குறையவில்லை’ என்று டாக்டரிடம் சொல்லக் கூசுவோர் பலர். வலியை 0 முதல் 10 வரை எண்ணாகக் கேட்டறியும் முறை உண்டு. அதைக் கேட்டு, குறித்து, டாக்டரிடம் எடுத்துரைப்பவர் செவிலியர். சிகிச்சைக்குச் செல்லும் புற்றுநோயாளிக்கு இரயில் கட்டணச் சலுகை உண்டு. அதற்கான சான்றிதழை மருத்துவமனையில் கேட்டுப் பெறலாம் என்று சொல்லவும் ஒருவர் வேண்டும்.

மாணவ நண்பர்களே! நம்மில் பலர் நம் குடும்பத்தின் முதல் பட்டதாரிகள் ஆகப்போகிறவர்கள். உறவினர் ஒருவர் வார்டில் சேர்ந்தால், சீட்டைப் படித்துச் சொல்ல நம்மைத்தான் அழைப்பார்கள். ஆரஞ்சுப் பழத்தோடு போய் ஐந்து நிமிடம் நின்று திரும்புவது போதாது. ‘வலி எப்படி இருக்கிறது? இரவில் தூங்கினீர்களா?’ என்று கேட்போம். அவர் தயங்குவதைச் செவிலியரிடம் பணிவோடு எடுத்துச் சொல்வோம். ஒரே செவிலியர் பல படுக்கைகளைக் கவனிக்கும் வார்டில், திருப்பிப் படுக்க வைக்க ஒரு கை கொடுப்போம். வள்ளுவர் சொன்ன நான்காம் அங்கத்தில் நமக்கும் இடமுண்டு.